பொறு என்று பெயருள்ள துறை

குழி தோண்டுவது என் வேலை. மாவட்டச் சாலை ஆபீசில் மதகு, வேலி, பெயர்ப்பலகை எதுவானாலும் முதலில் ஒரு குழி வேண்டும். குழி என்றால் டியோபிராவைக் கூப்பிடு என்பார்கள். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன வயதில்தான் எனக்கு அந்தப் பலகை வேலை வந்து சேர்ந்தது.

பழைய பலகைகளில் வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரோ அவர்களுக்கு முன்னாலிருந்தே இங்கே இருக்கும் எங்கள் ஆட்கள் வைத்த மாவோரிப் பெயரோ ஏதாவது ஒன்றுதான் இருக்கும். புதுப் பலகையில் இரண்டும் இருக்க வேண்டும், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரியும் இருக்க வேண்டும் என்று ஆபீசில் முடிவெடுத்திருந்தார்கள். எனக்கு எழுத்து வந்ததே நாற்பது வயதைத் தாண்டித்தான். அதற்கு முன்னால் எழுத்துகளை மாட்டுச் சூடு மாதிரி வெறும் உருவமாகத்தான் பார்ப்பேன். ஒரு தடவை ஒரு பலகையைத் தலைகீழாக நட்டுவிட்டு வந்தேன். எங்கள் மேஸ்திரி கெல்வின் மோஃபாட் அதைச் சாகும்வரை விடமாட்டான்.

"டியோ, இது நேராத்தான் இருக்கா? இல்ல இதுவும் வௌவாலுக்கா?"

"வௌவாலும் வரி கட்டுதுய்யா. நீதான் பாக்கி வெச்சிருக்க."

அப்படியே பேசிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். எழுத்து புதிதாக வந்தவனுக்குப் பலகை எல்லாமே கதைதான். எங்கள் ஆற்றுக்கு எலைஸா என்று பெயர். நிலம் அளக்க வந்தவன் தன் பெண்டாட்டி பெயரை வைத்தானாம். அந்த அம்மா கப்பலே ஏறவில்லை, இந்த ஆற்றைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. பட்டினிப் பள்ளம் என்று ஒரு இடம் உண்டு. மழையில் மாட்டிக்கொண்டு வண்டி மாட்டை அடித்துத் தின்றார்களாம். அதற்கு அடுத்த குன்று தே மோயெங்கா, படுக்கை என்று அர்த்தம். எங்கள் முன்னோன் ஒருவன் நடந்து களைத்து அங்கே படுத்தானாம். இரண்டு பெயரையும் பக்கம் பக்கமாகப் படிக்கும்போது ஒன்று புரியும். ஒருவன் பசித்த இடத்துக்குப் பெயர் வைத்திருக்கிறான், இன்னொருவன் தூங்கிய இடத்துக்கு. யாரும் சும்மா வைக்கவில்லை.

என் அக்கா எரானா இருக்கும் ஊருக்குத் தைஹோவா என்று பெயர். மேட்டின் மேலே ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம், மூடிக் கிடக்கும் ரயில் கொட்டகை, எங்கள் ஆட்களின் கூடம், அதன் பின்னால் இடுகாடு. அவ்வளவுதான் ஊர். தைஹோவா என்றால் பொறு, அவசரப்படாதே என்று அர்த்தம். இந்த நாட்டில் அது தெரியாதவன் கிடையாது. அங்கே நாங்கள் நட்ட பலகையில், 'ரயிலுக்காக மக்கள் பொறுத்திருந்த இடம்' என்று எழுதியிருந்தது. எங்கள் ரயில் என்றைக்கு நேரத்துக்கு வந்தது? அதனால் அந்த வரியைப் பார்த்துவிட்டு எல்லோரும் சரிதான் என்று சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெயர் இருக்கும் இடத்தில்தான் அவள் தன் மகனைக் கூப்பிட்டாள்.

அவள் மகன் ரோங்கோ போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது அவனுக்கு மீசை அரும்பிய வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். மலையில் மூன்று நாளாக மழை. கோல்டி என்ற குதிரையில் ஏறி வீட்டுக்குக் கிளம்பியவன் வந்து சேரவில்லை. அன்று சாயங்காலம் ஆற்றங்கரைப் பண்ணைக்காரர் கிளிஃபோர்ட் ட்ரான்டர் எங்கள் ஊர்க் கடைக்குப் போன் செய்தார். "உங்க ஆளுங்க பையன் ஒருத்தன் தைஹோவால தண்ணில போயிட்டான். குதிரையும் ஆளும் உருண்டதை நான் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எங்கள் மேட்டுக்குக் கீழே இருந்த தொங்குபாலமும் அறுந்து போயிருந்தது. பாலத்தோடு போய்விட்டான் என்று எல்லோரும் நினைத்தோம். அங்கேதான் தேடினோம். குதிரை மட்டும் கீழ்ப் பாதைச் சமவெளியில் உயிரோடு நின்றது, வெள்ளம் அதைக் கொண்டுபோய் விட்டிருக்கும் என்று நினைத்தோம். உடல் கிடைக்கவே இல்லை. ட்ரான்டரிடம் மேலே கேட்கலாம் என்றால், அடுத்த மாதமே பக்கவாதம் வந்து அவரும் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் ஆட்கள் செத்த இடத்திலேயே ஆவி நின்றுவிடும். யாராவது ஒரு பெண் அந்த இடத்துக்குப் போய், அந்த இடத்தின் பெயரைச் சொல்லி, ஆளின் பெயரைச் சொல்லி, வா வீட்டுக்கு என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் எழுந்து வரும். அக்கா தலையில் பச்சை இலை வளையம் வைத்துக்கொண்டு, மேட்டின் விளிம்பில் அப்போதிருந்த பழைய பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாள். ஒரு கிளையைக் கையில் பிடித்து வீடுவரை கூட்டி வந்தாள். இடுகாட்டில் தனக்கென்று ஒதுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டு அந்தக் கிளையைப் புதைத்தாள். கல்லில் ரோங்கோ என்று பெயர் வெட்டினோம்.

வந்தது நிச்சயம். ஏதோ ஒன்று வந்தது. அக்கா வீட்டு வராந்தாவில் அது இருந்தது. நாய் அந்த மூலைக்குப் போகாது. அங்கே போட்டிருந்த நாற்காலி சில சமயம் சற்றே திரும்பியிருக்கும். காலையில் படியில் மஞ்சள் களிமண் உதிர்ந்து கிடக்கும், காய்ந்த மண். அக்கா அதைக் கையாலேயே கூட்டி அள்ளுவாள், துடைப்பம் தொடமாட்டாள்.

"வீட்டுக்குள்ளயே வர மாட்டேங்கறான்டா" என்பாள். "வாசல்லயே ஒக்காந்திருக்கான், விருந்தாளி மாதிரி. உசுரோட இருந்தப்ப செருப்பைக் கழட்டாம அடுப்படிவரைக்கும் வருவானே. செத்தா வெக்கம் வருமா?"

"செத்தவன் குணம் நமக்கென்னக்கா தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியும்."

இன்னொன்றும் உண்டு. கீழ்ப் பாதையில், ட்ரான்டர் பண்ணையை ஒட்டி நான் மதகு தோண்டும்போது, ஆறு பெருகிய நாட்களில் ஒரு சீட்டி கேட்கும். இரண்டு நீளம், ஒரு குட்டை. யாரோ குதிரையைக் கூப்பிடுகிற சீட்டி. ரோங்கோவும் அப்படித்தான் அடிப்பான், ஆனால் எல்லாப் பையன்களும் குதிரைக்கு அப்படித்தானே அடிப்பார்கள். லாரிக்காரர்கள் அந்தப் பாதையில் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நனைந்து நிற்கிற ஒருவனைப் பார்த்ததாகச் சொல்வார்கள். இதையெல்லாம் அக்காவிடம் ஒரு நாள் சொன்னேன். தொங்குபாலத்திலிருந்து அந்த இடம் ரொம்பத் தள்ளி. அதுவுமில்லாமல், அவள் மகனைத்தான் ஏற்கெனவே கூட்டிவந்தாயிற்றே, அது அவனாக இருக்காது.

அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சீவிக்கொண்டே சொன்னாள்: "யாரு பெத்த பிள்ளையோ. அவங்கம்மாவுக்குத் தெரியல போல. யாராவது போய்க் கூப்பிட்டா என்ன?" அன்றிலிருந்து சாப்பிடும் முன் செய்கிற ஜெபத்தில் அந்தப் பெயர் தெரியாத தாயையும் சேர்த்துக்கொண்டாள்.

பலகை வேலை வந்த வருஷம் அக்காவின் சிறுநீரகம் இரண்டும் செத்துப்போயிருந்தன. வாரத்துக்கு மூன்று நாள் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ரத்தத்தை மிஷினில் ஓட்டிச் சுத்தம் பண்ணுவார்கள். அவள் மகள் ஹூயாதான் கார் ஓட்டிக் கூட்டிப்போவாள். அக்கா அலுத்துவிட்டாள். போதும், நிறுத்திக்கொள்கிறேன் என்று டாக்டரிடமே சொல்லிவிட்டாள். நிறுத்தினால் பத்துப் பதினைந்து நாள்தான். ஆனால் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் காரில் ஏறிவிடுவாள்.

"ஏம்மா இப்படி இழுத்துக்கிட்டிருக்க, வலி தாங்காம?" என்று ஹூயா ஒரு நாள் அழுதுகொண்டே கேட்டாள்.

"ஒங்கண்ணன் இன்னும் சரியா வந்து சேரலடி. எனக்கு மனசு சொல்லுது. நான் பாட்டுக்குக் கண்ண மூடிட்டா, அப்புறம் அவனை யாரு கூப்பிடுவா? நீயா? ஒனக்கு டாக்சி கூப்பிடவே தெரியாது."

இப்படி இருக்கும்போதுதான் நாங்கள் ட்ரான்டர் துறைக்குப் பலகை நடப் போனோம். ஆற்றில் ஆழம் குறைந்து குதிரை கடக்கிற இடம் அது. கரையில் ஆட்டுக் கம்பளி வெட்டுகிற பழைய கொட்டகை. பலகையில், 'ட்ரான்டர் துறை. முதலில் குடியேறிய ஆட்டுப் பண்ணைக்காரர் பெயரால்' என்று எழுதியிருந்தது. மாவோரிப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக விட்டிருந்தது. யாரைக் கேட்டும் கிடைக்கவில்லையாம். அந்த மண்ணின் ஆட்கள் ஒரு பெரிய காய்ச்சலில் பாதி செத்து, மீதி பட்டணம் போய்விட்டார்கள். எங்கள் அப்பா ரயில் பாதை வேலைக்கு வடக்கிலிருந்து வந்தவர். நாங்கள் பேருக்குத்தான் ஊர்க்காரர்கள்.

பாதிக் குழி தோண்டியிருப்பேன். பண்ணை வீட்டிலிருந்து நொரீன் ட்ரான்டர் அம்மா தேநீர்க் கூடையோடு வந்தாள். செத்துப்போன கிளிஃபோர்டின் மருமகள், எழுபது வயது, இன்னும் தானே நாயை அதட்டி ஆடு ஓட்டுகிறவள். பலகையைப் படித்துவிட்டு மூக்கால் சிரித்தாள்.

"எங்க வீட்டுப் பேரைப் போட்டிருக்கீங்க, சந்தோஷம். ஆனா மாமனார் இருந்திருந்தா இதைப் பிடுங்கி அடுப்புல வெச்சிருப்பார்."

"ஏம்மா, எழுத்துல தப்பா?" என்றான் கெல்வின். "எழுத்து டியோ டிபார்ட்மென்ட். வௌவாலுக்கு நல்லாப் படிப்பான்."

"எழுத்துல இல்ல. இந்த இடத்துக்கு அவர் ட்ரான்டர் துறைன்னு சொல்லவே மாட்டார். தைஹோவான்னுதான் சொல்வார்."

"தைஹோவா மேல மேட்ல இருக்கும்மா. போன வாரந்தான் பலகை நட்டோம்."

"அது சைடிங்" என்றாள். கூடையைப் புல்லில் வைத்தாள். "ரயில் வண்டிங்க ஒதுங்கி நிக்கற எடம். மாமனார் கடைசிவரைக்கும் சைடிங், சைடிங்னுதான் சொன்னார். மொதல்ல ரயில் இங்கதான் ஆத்தோரமாப் போச்சு. ரயில் கொட்டகையும் இங்கதான் இருந்துச்சு, தைஹோவான்னு பலகையோட. ஒரு பெரிய வெள்ளம் வந்து தண்டவாளத்தையே பெயர்த்துட்டுப் போயிடுச்சு. அப்புறம் மேட்டை வெட்டி மேல பாதை போட்டாங்க. கொட்டகையைத் தூக்கி வண்டில ஏத்தி மேல கொண்டுபோனவங்க பலகையைக் கழட்டல. அப்படியே பேரும் அதுங்கூடப் போயிடுச்சு. கடை வந்துச்சு, பள்ளிக்கூடம் வந்துச்சு, எல்லாம் அதே பேரு. மேட்டு மேல எதுக்குங்க பொறுக்கணும்? இங்கதான் பொறுக்கணும். அதோ அந்தக் கறுப்புப் பாறை தெரியுதா? அது முங்கியிருந்தா எறங்காதே, பொறு. அதுக்குத்தான் ஒங்க ஆளுங்க இந்தப் பேரை வெச்சாங்கன்னு மாமனாருக்கு அவங்கப்பா சொன்னாராம்."

மண்வெட்டியை நான் கீழே வைத்தேனா கையிலேயே வைத்திருந்தேனா, நினைவில்லை.

"அம்மா, ஒங்க மாமனார் அன்னிக்குப் போன் பண்ணாரே. எங்கக்கா பையன் விழுந்தப்ப."

"பண்ணார். நான் பக்கத்துலதான் நின்னேன். அந்தக் கம்பளிக் கொட்டகை வாசல்லேருந்து பார்த்துட்டு ஓடி வந்தார். பையன் அந்தப் பாறைகிட்டதான் எறங்கினான். இவர் கத்தினது அவனுக்குக் கேக்கல."

"நாங்க மேட்டுக்குக் கீழதானே தேடினோம்."

"தேடினீங்க. ஆறு போற எல்லா எடத்துலயும் தேடறீங்க போலன்னு நெனச்சோம்."

"மேட்டுலதான் நின்னு கூப்பிட்டோம்."

"அதையும் பார்த்தேன், ரோட்டுலேருந்து. தலையில எலையெல்லாம் வெச்சுக்கிட்டு நின்னீங்க. உசரமான எடத்துல நின்னு அழறதுதான் ஒங்க வழக்கமாக்கும்னு..." அவள் நிறுத்தினாள். முகம் மாறிவிட்டது. "கேக்கறது மரியாதை இல்லையேன்னு கேக்கல, டியோ. அடுத்தவங்க துக்கத்துல போய் எப்படிக் கேக்கறது?"

யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் மரியாதைக்காகக் கேட்கவில்லை. நாங்கள் அவர்கள் வாசற்படி மிதித்துக் கேட்கவில்லை. நடுவில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

கெல்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். நொரீன் அம்மா கொட்டகையைப் பார்த்தபடியே பேசினாள். "ஆறு ஏறினா அந்தக் கொட்டகைப் பலகைத் தரையில ஈரத்தடம் இருக்கும். வேலிக் கதவு உள்பக்கத்துலேருந்து தொறந்து கெடக்கும். கம்பளி வெட்ட வர்றவங்க யாரும் அங்க படுக்க மாட்டாங்க. நான் மாமனார்னுதான் நெனச்சேன். அவர் காலு வளைஞ்சது, தடம் நேராத்தான் இருக்கும். தெரியும். ஆனா வேற யாருன்னு நெனைக்கறது? ஜன்னல்ல ஒரு விளக்கு மட்டும் வெச்சுட்டு வருவேன்."

அன்று அந்தப் பலகையை நடவில்லை. குழியை மூடிவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகாத நாள் அது. வராந்தாவைத் தாண்டும்போது அந்த நாற்காலியை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. உள்ளே போய், அடுப்படியில் ஹூயாவும் இருக்க, எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

"நீ சீட்டி கேட்டேன்னு சொன்னியே" என்றாள்.

"ஆமாக்கா."

"யாரோ பெத்த பிள்ளைன்னு சொன்னேனே நான்." மறுபடி விரிப்பை நீவினாள். "தெனமும் அவங்கம்மாவுக்காக ஜெபம் பண்ணினேன், பாரு. நல்ல ஜெபம்."

ஹூயாதான் முதலில் வராந்தாப் பக்கம் திரும்பினாள். கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "அம்மா" என்றாள் மெதுவாக. "அண்ணன் அங்க இருக்கான்னா... நாம இங்க கூட்டிட்டு வந்தது யாரை?"

வெளியே நாற்காலி ஒரு தடவை கிறீச்சென்றது. காற்று இல்லை.

ஆற்றில் விழுந்தவன் காய்ந்த மஞ்சள் மண்ணை எப்படிக் கொண்டுவருவான் என்று எங்களில் ஒருவருக்கும் அத்தனை வருஷமும் தோன்றவில்லை. இடுகாட்டு மண் என்று நினைத்திருந்தோம். இடுகாட்டு மண் கறுப்பு. மேட்டை வெட்டிய இடத்தில்தான் மஞ்சள் மண். அந்த வெட்டில் ரயில் வேலைக்காரர்கள் சிலர் மண் சரிந்து புதைந்ததாக அப்பா சொல்லியிருக்கிறார். எந்த ஊர்க்காரர்கள், என்ன பெயர் என்று அவருக்கும் தெரியாது.

மறு சனிக்கிழமை காலையில் மூவரும் என் வேனில் துறைக்குப் போனோம். அக்கா கறுப்பு உடை போட்டு, தலையில் புது இலை வளையம் வைத்திருந்தாள். கால் வீங்கி செருப்பு ஏறவில்லை, ஹூயாவின் ரப்பர் பூட்ஸைப் போட்டிருந்தாள். முந்தின நாள் மலையில் மழை. ஆறு பழுப்பாக ஓடியது. கறுப்புப் பாறை முங்கியிருந்தது.

நொரீன் அம்மா கரையில் நின்றிருந்தாள். பிளாஸ்கை எடுத்தவள், ஹூயா தலையாட்டியதைப் பார்த்துவிட்டு உடனே கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். துக்கத் தண்ணீருக்குப் பக்கத்தில் நாங்கள் எதுவும் சாப்பிட மாட்டோம். இந்தத் தடவை அவள் கேட்டாள்: "நான் இங்க நிக்கலாமா, போகணுமா?"

"நில்லு" என்றாள் அக்கா. "கடைசியா அவனைப் பார்த்த வீடு ஒங்க வீடு."

"இப்பவே கூப்பிடறியாக்கா?" என்றேன்.

"தண்ணி எறங்கட்டும். அவந்தான் பொறுக்கல. நானாவது பொறுக்கறேன்."

வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொட்டகைப் பக்கம் நாய்கள் ஒரே சமயத்தில் குரைப்பதை நிறுத்தின. ஒரு நேரத்தில் பாறையின் தலை தெரிந்தது, பிறகு தோள் தெரிந்தது. அக்கா ஹூயாவின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் விளிம்பில் போய் நின்றாள்.

நடக்க முடியாதவளுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. முதலில் ஆற்றைக் கூப்பிட்டாள். பிறகு துறையைக் கூப்பிட்டாள், "தைஹோவா, தைஹோவா" என்று, வழிதவறிய மாட்டின் பெயரைச் சொல்லிக் கொட்டிலுக்குத் திருப்புகிறவள் மாதிரி. அந்தத் தண்ணீருக்கு அதன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்றோ. பிறகு மகனைக் கூப்பிட்டாள். தப்பான இடத்தில் நின்று கூப்பிட்டேன், நீ கேட்டிருக்க மாட்டாய், எழுந்து வா என்றாள்.

சீட்டி கேட்டது. இரண்டு நீளம், ஒரு குட்டை. அக்கரையில் இல்லை. எங்களுக்குப் பின்னால், கொட்டகை வாசலில். நொரீன் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வேலிக் கதவு திறக்கும் சத்தம் வந்தது. நாங்கள் யாரும் திரும்பவில்லை, திரும்பக் கூடாது.

அக்கா பின் சீட்டில் ஏறி, பக்கத்து இடத்தைக் காலியாக விட்டு, கரையில் கையில் பிடித்திருந்த புதுக் கிளையை மடியில் வைத்துக்கொண்டாள். வழி நெடுக அவனுக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தாள். "இது பட்டினிப் பள்ளம்டா, இங்க மெதுவாத்தான் போவான் ஒங்க மாமன், பயந்தாங்கொள்ளி. இது தே மோயெங்கா. படுத்துடாத, வீட்டுக்குப் போயிப் படுக்கலாம். இப்ப ரோடு திரும்புது. இந்தப் பாலம் புதுசு, ஒனக்குத் தெரியாது." நான் குழி தோண்டி நட்ட பலகைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் வெள்ளைக்காரன் பெயரையும் சொன்னாள், எங்கள் பெயரையும் சொன்னாள். இருபது வருஷத்துக்கு முன்னால் போனவனுக்கு எந்தப் பெயர் அடையாளம் தெரியுமோ. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். காலி சீட்டுப் பக்கத்து ஜன்னல் மட்டும் உள்ளே வேர்த்து, தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் வேனை நிறுத்தினேன். படியில் மஞ்சள் மண் புதிதாக உதிர்ந்திருந்தது. என்றைக்கும் இல்லாத அளவுக்கு, ஒரு கை அள்ளலாம். நாற்காலி சுவர் ஓரமாகத் தள்ளியிருந்தது, யாரோ எழுந்து ஒதுங்கி நிற்கிற மாதிரி.

ஹூயா படியிலிருந்து பின்வாங்கினாள். "அம்மா, நான் போய் ரொட்டி பொரிக்கறேன். வராந்தால வெச்சு எல்லாரும் சாப்பிடுவோம். வெந்த சாப்பாடு பட்டா ஆவி நிக்காது, இது போயிடும். அண்ணன் எடத்துல இத்தனை வருஷம்..."

"அடுப்பைத் தொடாத."

"அது யாருன்னே தெரியாதும்மா."

"தெரியாதுதான்" என்றாள் அக்கா. முதல் படியில் கிளையோடு நின்றாள், மூச்சு வாங்கியது. "நாந்தான கூப்பிட்டேன்? மண்ணுக்குள்ள கெடந்தவன், ஒரு பொம்பளை வா வீட்டுக்குன்னு கூப்பிட்டா, தன்னைத்தான்னு நெனச்சு வந்துட்டான். வந்தவன் உள்ள கால் வெக்கலியே. இது தன் வீடு இல்லைன்னு அவனுக்கு மொதல் நாளே தெரிஞ்சிருக்கு. இருந்தும் ஒக்காந்திருக்கான், வேற யாரும் கூப்பிடல." பிறகு நாற்காலியைப் பார்த்து, சாதாரணமாகப் பேசினாள். "யாரு பெத்த பிள்ளையோ நீ. இது என் மகன் ரோங்கோ. தள்ளிக் குடு, ரெண்டு பேரும் இருங்க."

அவள் படியேறினாள். அவளுக்குப் பின்னால் பலகைத் தரையில் ஈரம் படிந்துகொண்டே வந்தது. வராந்தாவில் நிற்கவில்லை, அடுப்படிவரை போனது. செருப்பைக் கழற்றாத தடம்.

"பாரு" என்றாள் அக்கா. "கழட்டறானா பாரு." அப்போதுதான் அழுதாள்.

இடுகாட்டில் கல்லுக்குக் கீழே இரண்டாவது கிளையைப் புதைத்து, வெளியே வந்து குழாயில் கை கழுவினோம். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னாள்: "என் எடத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு குழி தோண்டு. அவனுக்கும் ஒரு பலகை வெய்யி. ஒனக்கு எழுத்து தெரியுமே."

"என்ன பேருன்னு எழுதறது?"

"சைடிங்னு எழுது. அங்கேருந்துதான வந்தான்? ஆளு பேரை ஊருக்கு வெக்கறாங்க. இவனுக்கு ஊரு பேரு இருக்கட்டும்."

அதற்கு மேல் அக்கா பட்டணத்துக் காரில் ஏறவில்லை. பதினைந்து நாள் இருந்தாள், தூக்கத்தில் போனாள். நடுவில் அவள், ஒரு பக்கம் ரோங்கோ, ஒரு பக்கம் சைடிங். பலகையைக் கெல்வின் வந்து பார்த்தான். நேராகத்தான் இருந்தது. வௌவால் பேச்சை எடுக்காமல் தொப்பியைக் கழற்றினான்.

தைஹோவா என்ற பலகையை ஆபீசில் கேட்டுக் கீழே கொண்டுவந்து துறையில் நட்டுவிட்டோம். சின்ன எழுத்தில் இருந்ததை மாற்றி, 'பாறை தெரியும்வரை பொறு' என்று போட்டிருக்கிறார்கள். கொட்டகையில் இப்போது தடம் இல்லை என்கிறாள் நொரீன் அம்மா. விளக்கு மட்டும் பழக்கத்தில் வைக்கிறாளாம். மேட்டுக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. அங்கே நான் தோண்டிய குழி பலகை இல்லாமல் காலியாக இருக்கிறது, விளிம்பில் மஞ்சள் மண்.

அந்த வெட்டில் புதைந்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. அங்கே வேலை வந்தால் நான் வாயைத் திறப்பதில்லை. ஆள் வேண்டுமானால் கையைத் தட்டுவேன், இல்லாவிட்டால் மண்வெட்டியால் கல்லில் ஒரு தட்டு. மேட்டில் நின்று யாரையும் வா என்று கூப்பிடுவதில்லை. கெல்வினைக்கூட.